கடைக்கண் கடல்

மானஸ் டுகன் இருபத்தாறு வருஷம்
இந்தக் கரையோரச் சாலையில் பேருந்து ஓட்டினார்.
போகும்போது கடல் அவருக்கு இடப்பக்கம்,
திரும்பும்போது வலப்பக்கம்.
ஒரு நாளும் நேராகப் பார்த்ததில்லை.

பார்க்க முடியாது.
டொனகால் சாலைகள் அப்படி.
வளைவுக்கு வளைவு ஆடு படுத்திருக்கும்,
எதிரே மீன் லாரி
தன் பாதியோடு நம் பாதியையும் சேர்த்துக்கொண்டு வரும்.
வைப்பர் போய்த் திரும்புவதற்குள்
மழை பழைய இடத்தில் உட்கார்ந்துவிடும்.
கடைசி நிறுத்தத்தில் முன்கண்ணாடிக்கு எதிரே
கூட்டுறவுக் கடையின் பின்சுவர்.
அதைப் பார்த்தபடி
முட்டை சாண்ட்விச் தின்பார்.

நான் எட்டு மணி வண்டி.
டெரிபெக் முதியோர் இல்லத்தில் சலவை வேலை.
இடப்பக்கம் மூன்றாவது இருக்கை,
பதினோரு வருஷம்.
கொடுத்த காசுக்கு ஒரு கடல் முழுசாக
என் ஜன்னலில் வந்துகொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற அடுத்த வாரம்
இரும்புக்கடையில் போய்ப் பெயின்ட் கேட்டாராம்.
வேலிக்கா, கதவுக்கா என்றார்கள்.
கடலுக்கு என்றாராம்.
குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஓவிய வகுப்பு எடுக்கும் க்ரானியா
அவரைக் கூட்டிப்போய் மணலில் நிறுத்தினாள்.
"நேராகப் பாருங்கள், எல்லாம் முன்னாலேயே இருக்கிறது."
ஒரு மணி நேரம் பார்த்தார்.
தூரிகையில் வண்ணம் காய்ந்து விறைத்தது.
"நின்றுகொண்டிருக்கிறதே" என்றார்,
வழியில் பழுதான வண்டியைச் சொல்வதுபோல.

அப்புறம் சட்டத்தைத் திருப்பிப் போட்டார்.
முகம் மலையைப் பார்த்து,
கடல் இடத் தோளுக்கு அந்தப் பக்கம்.
நாயோடு நடக்க வருகிறவர்கள்
கிழவர் மாட்டுக்கொட்டகையை வரைகிறார் என்று நினைத்தார்கள்.

ஒரு நாள் தபால் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.
"ஃபெர்கல் வீட்டு வளைவு தாண்டியதும்
அக்டோபரில் தண்ணீருக்கு ஒரு நிறம் வருமே,
பச்சையா அது, சாம்பலா?
நீ ஜன்னலோரம்தானே."

வாயைத் திறந்தேன்.
பதினோரு வருஷத்தில் தேடியதும் கிடைத்தது
ஹீட்டரின் முனகல்,
ஈரக் கோட்டுகளின் வாடை,
கண்ணாடியில் என் நெற்றி பதிந்த எண்ணெய்த் தடம்.
வெயில் அடித்தால் திரையை இழுத்துவிடுவேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

ஈஸ்டர் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பதினான்கு படங்கள்.
எல்லாவற்றிலும் நடுவே சாலைதான்,
ஈரத் தார், கல் சுவர், ஒரு ஆட்டின் பின்புறம்.
இட ஓரத்தில்
இரண்டு விரல் அகலத்துக்குக் கடல்.
அந்த இரண்டு விரல் –
கழுவிய சிலேட்டு,
புரண்ட மீனின் வயிறு,
திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும் வெளிச்சம்
போய்க்கொண்டே இருந்தது.
கடைக்கண்ணில் விழுந்ததை எல்லாம்
மனிதர் வட்டியோடு சேர்த்து வைத்திருக்கிறார்.
டப்ளினிலிருந்து வந்த ஒருவர்
கடலை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று கேட்டார்.
முடியாது என்றார் மானஸ், மரியாதையாக.

ஒவ்வொரு படத்தின் மேலேயும் தீப்பெட்டி அளவில் ஒரு செவ்வகம்.
மேகத்துக்கு விட்ட இடம் என்று நினைத்தேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டே போனேன்.
பின்பார்வைக் கண்ணாடி அது.
உள்ளே ஐந்தாறு தலைகள் தொங்கியபடி.
மூன்றாவதில் சிவப்புக் கம்பளித் தொப்பி, வாய் திறந்திருந்தது.

பக்கத்தில் வந்து நின்றார்.
"ஆள் தூங்கும்போது
பிரேக்கை மெல்லத்தான் மிதிக்க வேண்டும்" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
ஒரு படமும் விற்கவில்லை.

இந்த அக்டோபரில் வண்டி ஓட்டுவது
டெக்லன் என்ற பையன், வளைவில் ஹாரன் அடிக்கிறான்.
நான் தூங்கவில்லை.
ஃபெர்கல் வீடு தாண்டியதும்
டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்: பச்சை.
அடுத்த வளைவில் அடித்தேன்.