இருநூறு வாட் வெயில்

தலைகுந்தாவில் ஜனவரி.
விடியுமுன்னே நரைத்துவிட்டது புல்லெல்லாம்.
பைக் சீட்டில் படிந்த உறைபனியில்
யாரோ விரலால்
ஒரு பூஜ்யம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் ஜெசிந்தா அறிவித்தாள்:
ஞாயிறு மாலை நம் வீட்டு ஹாலில் சித்திரை மாதம்.
எல்லோரும் வரலாம்.
'குளிர்' என்ற சொல்லை யார் வாய்விட்டாலும்
உண்டியலில் பத்து ரூபாய்.

சோபாவை அடுக்களைக்குத் தள்ளினோம்.
கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கிய
பச்சைப் பிளாஸ்டிக் புல்லை விரித்தோம்.
எவர் மாலையிலிருந்தோ உதிர்ந்த சாமந்தி இதழ்கள்
இன்னும் அதில் சிக்கியிருந்தன.
எடுக்காதே, பூத்ததாக இருக்கட்டும் என்றாள்.

எந்த விசிறியும் இதுவரை தொங்கியிராத
கூரைக் கொக்கியில்
கோழிப்பண்ணைக் குண்டு பல்பு உதித்தது.

ஸ்வெட்டருக்கு மேல் பனியன் மாட்டி
வந்து சேர்ந்தார் பெள்ளிராஜ்.
குரங்குக் குல்லாயும் கறுப்புக் கண்ணாடியுமாக சம்சுதீன்.
மிச்சி அக்கா வாசலிலேயே
குடையை விரித்துக்கொண்டாள்,
என்ன வெயில், என்ன வெயில்.

தர்பூசணி கிடைக்கவில்லை.
பீட்ரூட்டைப் பிறை பிறையாய் நறுக்கி
மிளகை விதையாகப் பதித்திருந்தாள் மகள் ரின்சி.
விதையைத் துப்ப மறந்தவர் சம்சுதீன் மட்டும்.
இட்லியை நுங்கு என்று நம்பினோம்.

பிறகு அந்த அட்டைப்பெட்டி.
கல்யாணத்துக்குத் தூத்துக்குடி மாமா அனுப்பிய
டேபிள் ஃபேன்.
ஒன்பது வருடம் பிரிக்காமலே
பரண்மேல் கிடந்தது.
ஒன்றில்தான் வைத்தேன்.
"ஐயோ, கு..." என்று அலறத் தொடங்கி
"குயில் கூவுது" என்று முடித்தார் பெள்ளிராஜ்.
பாதிச் சொல்லுக்கு ஐந்து ரூபாய்
என்று தீர்ப்பானது.

எல்லாம் சரி, எறும்பு எங்கே என்றாள் ரின்சி.
எறும்பு வராத பிக்னிக் பொய்யாம்.

பிளாஸ்டிக் புல்லில் சர்க்கரை தூவி
முழங்காலில் காத்திருந்தோம்,
வளர்ந்த ஐந்து பேரும் அவளும்.
டீ ஆறியது.
ஜன்னலில் எங்கள் மூச்சே படிந்து
வெளியே இருந்த மலை இல்லாமல் போனது.

பல்புச் சூட்டில்
சுவர் விரிசல் வழியாக
ஒன்று எட்டிப் பார்த்தது.
ஒன்றே ஒன்று.
கொம்பை ஆட்டி ஆட்டி
மாதத்தைச் சரிபார்த்தது.

கைதட்டப் போன சம்சுதீனை
மிச்சி அக்கா கையமர்த்தினாள்.
அதன்பின் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

எல்லோரும் போனபிறகும்
பல்பை அணைக்க விடவில்லை ஜெசிந்தா.
நாம்தானே கூப்பிட்டோம் என்றாள்.

குழாயில் தண்ணீர் உறைந்த அந்த இரவு முழுக்க
ஹாலில் எரிந்துகொண்டிருந்தது கோடை.

காலையில் உண்டியலைக் கவிழ்த்து எண்ணினேன்,
கரண்ட் பில்லுக்கு ஆகட்டும் என்று.
நூற்றைந்து.

அந்த ஐந்து மட்டும்
குயிலுடையது.