பத்துக்கு எத்தனை

ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
டிசம்பர்ப் புகை சன்னல் கம்பி தாண்டி
முதல் பெஞ்சு வரை வந்து உட்கார்ந்திருக்கிறது.
வரியை எதிர்த்துக் கடலுக்கு நடந்தார்கள்,
உப்பு அள்ளினார்கள் என்றேன்.
மயூர் விகாரிலிருந்து கடல் எந்தப் பக்கம் என்றுகூட
இவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.
"இப்ப உப்புக்கு வரி எவ்வளவு மிஸ்?"
ஜெயசூர்யா.
எனக்குத் தெரியவில்லை. பாடத்தில் இல்லை.

பாடத்தில் இருந்தவை:
காரணங்கள் நான்கு, விளைவுகள் ஐந்து,
போன ஆண்டும் கேட்ட வினா.
என் கரும்பலகையில்
அடிபட்டுச் செத்தவர்கள்கூட
வரிசை எண்ணோடுதான் செத்தார்கள்.

பிறகு வீட்டுப்பாடம்.
உங்கள் பகுதியில் நியாயமில்லாத ஒரு விதி,
அதை மாற்ற என்ன செய்வீர்கள்,
ஒரு பக்கம், பத்து மதிப்பெண்.
பயிற்சி முகாமில் பிஸ்கட்டோடு கொடுத்த யோசனை.
எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

முப்பத்தெட்டு நோட்டுகள்.
பதினோரு பேருக்கு வரதட்சணை,
அதில் ஒன்பது வரதட்சணை ஒரே நோட்டில் பிறந்தது.
வகுப்பில் மொபைலைப் பிடுங்குவது என்றான் லோகேஷ்.
கடைசிச் சந்துக்கு வருவதற்குள்
தண்ணீர் லாரி காலியாவது என்று ஒருவன்.
'இது விதியா?' என்று ஓரத்தில் எழுதினேன்.
கொஞ்ச நேரம் கழித்து அடித்தேன்.

மோனிஷாவின் பக்கம் இது:

"அம்மா வேலை செய்யும் சொசைட்டியில் லிஃப்ட் இரண்டு.
ஒன்றில் கன்னாடி இருக்கும்.
இன்னொன்றில் குப்பை வண்டி போகும், சிலிண்டர் போகும்,
நாய் போகும், அம்மா போவாங்க.
அது ரிப்பேர் ஆனால் ஏழு மாடியும் படி.
அம்மாவுக்கு முட்டி வலி.
கன்னாடி லிஃப்டில் ஏறினால்
கார்டு அங்கிள் பேர் எழுதிக்கொள்வார்.
மாற்றுவதற்கு, எல்லா அம்மாக்களும் ஒரே நாளில்
கன்னாடி லிஃப்டில் ஏற வேண்டும்.
எத்தனை பேரை எழுதுவார்? நோட்டு தீர்ந்துவிடும்."

சொசைட்டியின் பேரை எழுதவில்லை.
எழுதியிருக்க வேண்டியதில்லை.
தினமும் ஏழே முக்காலுக்கு
அந்தக் கண்ணாடியில்தான்
பொட்டைச் சரிசெய்துகொள்கிறேன்.

தெரிந்து எழுதினாளா?
அவள் அம்மா அஞ்சலையை எனக்குத் தெரியும்,
ஏழாம் மாடி, சுக்லா வீடு.
தீபாவளிக்கு மறுநாள்
கதவு மூடப்போகும்போது எதிரே நின்றார், கையில் வாளி.
வாங்க என்று நான் சொல்லவில்லை.
"நீங்க போங்கம்மா, பரவால்ல"
என்று அவர்தான் சொன்னார்,
இத்தனை இந்திக்கு நடுவே
எனக்கென்று ஒரு தமிழில்.

பொதுக்கூட்டத்தில் விதி பதினான்கு
கை தூக்கி நிறைவேறியபோது
என் கை சமோசாத் தட்டுக்கு அடியில் இருந்தது.
தூக்கவில்லை.
அதைப் பல நாள்
ஒரு நல்ல காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து
கன்னாடி இரண்டையும் கண்ணாடி ஆக்கினேன்.
கண் இருக்க வேண்டும் அல்லவா.
அதற்கு மேல் ஓடவில்லை.
ஒன்பது போட்டால் பெருந்தன்மை,
பத்து போட்டால் லஞ்சம்,
ஆறு போட்டால் நான் யாரென்று தெரிந்துவிடும்.

காலையில் சிலிண்டர் லிஃப்டில் இறங்கினேன்.
வெங்காயத் தோலும் ஈர நாயும் கலந்த வாசனை.
"பெரிய லிஃப்ட் கராப் ஹை க்யா, மேடம்?"
பதறி எழுந்தார் கார்டு.
நோட்டைத் தொடவே இல்லை.
என் பேரை எழுத
அதில் இடமில்லை போலும்.

"மார்க் போடலையே மிஸ்."
ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு
மேசை அருகே நிற்கிறாள்.
நான் வாய் திறப்பதற்குள்
அவளே சொல்கிறாள்:
"ராத்திரி யோசிச்சேன்.
நோட்டு தீந்தா புதுசு வாங்கிடுவாங்க, இல்ல?
வேற ஏதாவது எழுதணும்."

பின் பெஞ்சிலிருந்து ஜெயசூர்யா:
"நோட்டுக்கு வரி உண்டா மிஸ்?"