திணைக்களம் என்ற கூட்டில்

அரச காப்புறுதியை இனி
எங்களுக்கும் திறக்கப்போகிறார்களாம்.
கச்சேரியில் வேலைசெய்யும் கடாட்சம்
பாண் வாங்க வந்தபோது சொன்னார்.
தன்னிடமிருந்த படிவம் ஒன்றும் தந்தார்,
எப்படியிருக்கும் என்று பார்க்க.

கொக்குவிலில் என் பேக்கரி.
போறணைக்கு முன்னால் மூன்று பேர்.
ரெஜினோல்ட்டுக்குச் சிறுநீரகத்தில் கல்.
பெரியாஸ்பத்திரியில் ஸ்கானுக்குத்
தை மாதம் வரச் சொன்னார்கள்.
இப்போது ஆனி.
ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி
மற்றக் கையால் மா பிசைகிறான்.

கடாட்சத்துக்கும் கல்தான் இருந்தது.
செவ்வாய் தனியாரில் ஸ்கான்,
வெள்ளி கல் வெளியே.
சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார்,
காட்டினார். மிளகளவு.
அவரில் எனக்குக் கோபமில்லை.

இரவு, மா பொங்கும்வரை
படிவத்தை நிரப்பினேன்.
திணைக்களம்: பாண்.
சேவை நிலையம்: போறணையடி.
நியமனத் திகதி:
கடன் கேட்க வந்தவன்
போகாமல் நின்றுவிட்ட நாள்.
சந்தா என்ற இடத்தில் பேனை நின்றது.
றாத்தலுக்கு மூன்று ரூபா கூட்டினால்
மூவருக்கும் கட்டலாம்.
கூட்டினால்
கடாட்சமும் எதிர்க்கடைக்குப் போவார்.

கடைசியில்,
திணைக்களத் தலைவரின் ஒப்பமும் முத்திரையும்.
என்னிடம் இருப்பது ஒரேயொரு இறப்பர் முத்திரை,
கடன்கொப்பிக்கு வைத்தது.
மையில் தோய்த்துக் குத்தினேன்:
பணம் செலுத்தப்பட்டது.

ரெஜினோல்ட் எட்டிப் பார்த்தான்.
"எப்ப முதலாளி கட்டினது?"

விறகு காணுமோ என்று
நான் அவனைக் கேட்டேன்.