தற்காலிகம்

இரவு இரண்டே கால். யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
எல்.வி.எஸ் என்று தட்டி என்டரை அழுத்தினேன்.
கேட்கத்தான் வந்தேன்,
எதையும் அசைக்க அல்ல.

ஐந்து வரி வந்தது.
சம்பளம், நாற்பது ஜீபி.
கடிதங்கள், இருபது.
பிறகு தற்காலிகம்:
ஆயிரத்து எண்ணூறு.

ரிஸ்கான் வைத்த பெயர். ஒரு கிழமைக்கு என்றானாம்.
அவன் டோஹா போய் ஏழு வருஷம்.

எந்த வட்டில் இருக்கிறாய் என்று கேட்டேன்.
மூன்றிலும் என்றது.
ஒன்றில் தலை, ஒன்றில் இடுப்பு,
மிச்சம் போன மாசம் புறக்கோட்டையில்
பேரம் பேசி வாங்கிய புதியதில்.
வெளியே ஒரே பெயர், உள்ளே தையல்.

மீதி இடம்: பூச்சியம்.
விடிந்தால் கணக்குப் பிரிவு வந்து நிற்கும்.

வெள்ளவத்தையில் அறை எடுக்கும்போது
நானும் மூன்று மாசம் என்றுதான் சொன்னேன்.
வீட்டுக்காரர் மீற்றர் பெட்டியில்
என் பெயரைப் பென்சிலால் எழுதினார்.
இது பத்தாவது வருஷம்.

கர்சர் மினுங்குகிறது.
பெயரை மாற்ற ஒரு வரி போதும்.
ஆறின தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்
திரும்பவும் எல்.வி.எஸ்.
அதே ஐந்து வரி.