நாலு வீட்டுக்கு ஒரு குழாய்

டகோமாவில் எங்கள் சரிவில்
வீடுகள் நான்கு, கழிவுக் குழாய் ஒன்று.
பள்ளத்தில் இருக்கும் கடைசி வீடு என்னுடையது.
செமிசி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள்,
மூன்றாம் வீட்டில் எப்போது துணி துவைக்கிறார்கள்,
எல்லாம் என் குளியலறைத் தரைக்கு
முதலில் தெரியும்.

நவம்பர் ஞாயிறு ஒன்றில்
தரை வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

கேமராவை உள்ளே விட்ட ஓரின் பிங்க்லி
திரையை என் பக்கம் திருப்பினார்.
வட்டமாக இருக்க வேண்டியது
மிதிபட்ட முட்டைபோல் இருந்தது.
"காகிதம்" என்றார்.
மரக்கூழைத் தாரில் ஊறவைத்துச் சுருட்டிய குழாயாம்,
போர் முடிந்த கையோடு புதைத்தது.
எழுபத்தைந்து ஆண்டாக இந்தச் சரிவில்
ஒரு சுருள் காகிதத்தை நம்பித்தான்
எல்லோரும் குளியலறைக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

வியாழன் மாலை என் சாப்பாட்டு மேசையில்
துண்டுகளைப் பரப்பி வைத்தார்.
சுட்ட களிமண்ணைச் சுண்டினால் மணிபோல் ஒலித்தது.
அமிலமும் அதை அரிக்காது.
ஆனால் சில அடிக்கு ஒரு மூட்டு,
மூட்டுக்கு மூட்டு ஒரு வேர் காத்திருக்கும்.
வார்ப்பிரும்பைத் தூக்கிப் பார்த்த செமிசி
ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார், மேசை முனகியது.
பச்சை பிவிசி இலேசு, மலிவு.
அதற்குச் சரிவு நெடுகப் பள்ளம் வெட்ட வேண்டும்,
பள்ளத்தின் நடுவே
சிக்ரிட் ஹௌகனின் மேப்பிள் நிற்கிறது.
கறுப்பு பாலிஎத்திலீனோ
உருக்கி ஒட்டினால் மூட்டே கிடையாது.
மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி போதும்,
பழையதை உடைத்தபடி
அதன் வயிற்றுக்குள்ளேயே புதியது போய்விடும்.
நூறாண்டு தாங்குமாம்.
விலையும் நூறாண்டுக்கானதுதான்.

மூன்றாம் வீட்டின் சொந்தக்காரர்
ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வரி அனுப்பினார்: எது மலிவோ அது.
அவருக்கென்ன, அவர் கழிப்பது வேறு ஊரில்.

"நூறாண்டா?" சிக்ரிட் கண்ணாடியைக் கழற்றினார்.
"எனக்கு எழுபத்தொன்பது.
என் வீட்டில் ஒரு நாளும் தண்ணீர் தேங்கியதில்லை.
நான் எதற்குக் கால் பங்கு?"

நான் கோபமாகச் சொல்ல எழுதி வைத்திருந்ததெல்லாம்
சட்டைப் பையிலேயே கிடந்தது.
மேட்டில் இருப்பவருக்குக்
குழாய் என்பது வெறும் வதந்தி.

சனிக்கிழமை ஓரின் சாயப்பொடி கொண்டுவந்தார்,
வீட்டுக்கு ஒரு நிறம்.
தெருவின் ஆள்குழி மூடியைத் திறந்து
ஐந்து பேர் குனிந்து நின்றோம்.
என் நீலம் வந்தது.
மூன்றாம் வீட்டுச் சிவப்பு, செமிசியின் மஞ்சள்.
சிக்ரிட்டின் பச்சை வரவில்லை.
இன்னொரு வாளி ஊற்றினோம்,
ஒரு மணி நேரம் நின்றோம். வரவே இல்லை.

யாரும் சொல்லவில்லை.
அவராகவே திரும்பிப் பார்த்தார்,
அந்தத் தெருவிலேயே
கடைசியாக இலை உதிர்க்கும் மரத்தை.

கறுப்புக் குழாய்தான் போட்டோம்.
தன் பங்குக்கு அன்றே காசோலை எழுதினார் சிக்ரிட்.
மரத்தின் ஒரு கிளையைக்கூட யாரும் தொடவில்லை.
அடியில் மட்டும்
ஒரு சொட்டும் கசியாமல்
எல்லாம் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

ஆகஸ்டில் அதன் இலைகள் சிறுத்து, ஓரம் கருகின.
இப்போதெல்லாம் மாலை ஏழு மணிக்கு
மேல்வீட்டு ரப்பர் குழாய் சீறும் சத்தம் கேட்கிறது.
அடிமரத்தோடு நாற்காலியை ஒட்டிப் போட்டு
இருட்டும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறார்.
அந்தத் தண்ணீர்க் கட்டணத்தில்
எங்கள் கால் பங்கு எவ்வளவு என்று
இன்னும் யாரும் கேட்கவில்லை.