ஜன்னல் எங்கே வேணும்

நீர்கொழும்பிலிருந்து எட்வின் வந்து இறங்கியபோது
நோர்வூட்டில் மழை.
என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு
பூட்டிக் கிடந்த கொழுந்து மடுவத்தில்
சீமெந்துத் தரையில் குந்தினான்,
கையில் சாக்கட்டி.

நீளம்?
இருபத்திரண்டு அடி.
அகலம்?
அதைத் தண்ணீரிடம் கேட்கவில்லை.
கினிகத்தேனை வளைவிடம் கேட்டோம்,
லொறியில் ஏறித்தானே படகு மலைக்கு வரவேண்டும்.
போன ஞாயிறு நானும் மைத்துனன் ஜெபநாயகமும்
நடுரோட்டில் டேப் பிடித்தோம்.
ஒரு சீடீபி பஸ் ஹோர்ன் அடித்தே
எங்களை மதிலோடு ஒட்டவைத்தது.
ஏழு அடி.
ஏழே காலுக்கு மதில் உரசும்.

கடல்காரன், அடிப்பக்கத்தைக் கூராகக் கீறினான்.
உள்ளங்கையால் அழித்தேன்.
மார்ச் பிறந்தால் காசல்ரீத் தண்ணீர்
கரண்டாக மாறிக் கொழும்புக்குப் போய்விடும்,
எங்களுக்குச் சேறுதான் மிஞ்சும்.
தட்டையாக வை, பத்து அங்குலத்தில் மிதக்கட்டும்.
உப்பில்லாத தண்ணீர் தம்பி,
நீ போடும் கோடு இங்கே கால் அங்குலம் முங்கும்.
உன் ஊரில் பாடுகிற எஞ்சின்
இந்த உயரத்தில் இருமும்.
ஜெட்டை நான் மாற்றிக்கொள்கிறேன்.

"ஆர் சொன்னது?"

பதினெட்டு வருஷம் ஃபெக்டரியில்
ரோலருக்கு எண்ணெய் விட்ட கை சொன்னது.
அதற்குப் பிறகு
கேள்விக்கு முன்னால் ஒரு "அண்ணே" வந்தது.

புஷ்பலீலா அதுவரை வாய் திறக்கவில்லை.
இரண்டு பேருடைய ஈபிஎஃப் பணமும்
அவள் கைப்பையில், வங்கிப் புத்தகமாக.
பிளேன்டீயை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டே கேட்டான்:
"அக்கா, ஜன்னல் எங்க வேணும்?"

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் காம்பராவில் ஜன்னல்
யாரோ வைத்த இடத்தில் இருக்கிறது,
கானைப் பார்த்தபடி.
மலைப்பக்கம் ஒன்று உடைக்கட்டுமா என்று
கலியாணமான வருஷம் எழுதிக் கேட்டோம்.
கட்டடம் கம்பனிக்குச் சொந்தம் என்று
ஒபிஸிலிருந்து ஒரு துண்டு வந்தது.
மூத்தவளுக்கு இப்போது இருபத்தாறு வயது.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
சாக்குக் கோட்டைத் தாண்டிப்
படகுக்குள் போனாள்.
கட்டில் என்று கீறிய இடத்தில்
மல்லாந்து படுத்தாள்.
தலையை இடப்பக்கம் திருப்பி
காற்றில் ஒரு விரலை வைத்தாள்.
"இங்க."

எட்வின் டேப்பை இழுத்தான்.
தரையிலிருந்து இருபத்தொரு அங்குலம்.

எழும்பினாள், அடுப்படிக்கு நடந்தாள்.
"இங்கயும் ஒண்டு."
"எட்டாயிரம் கூடும் அக்கா."
"கூடட்டும்."
கக்கூசுக்கும் ஒன்று கேட்டாள்,
நீளமாக, கண்ணுயரத்தில்.
நான் வாயைத் திறக்குமுன்
ஸ்டெயின்லெஸ் கைப்பிடியை வெட்டி
வெறும் குழாயாக்கிக் கணக்கைச் சரிசெய்தாள்.
படுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு
எத்தனை ஜன்னல் பிடிக்கும் என்று
அன்று யாரும் பேசவில்லை.

முற்பணம் மூன்று லட்சம்.
எண்ணியது அவள், கையெழுத்து நான்.
அவன் கடைசி பஸ்ஸைப் பிடித்தான்,
என் ஸ்வெட்டரோடு.
வீட்டுக்கு ஏறும் படியில்
அவள் முதுகெல்லாம் சாக்குத்தூள்.
தட்டிவிடப் போன கையை
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மழைக்கு ஒதுங்கிய பெண்கள்
ஈரப் படங்குச் சாக்கோடு மடுவத்துக்குள் வந்து
கோட்டை மிதிக்காமல் சுற்றி நின்றார்கள்.
ராக்கம்மா மட்டும்
கூடையோடு படகை இரண்டு தரம் வலம் வந்தாள்.
"ஏண்டி லீலா,
இத்தன ஜன்னல் வச்சிருக்க,
உள்ள போறது எப்பிடி?"

கதவு போட மறந்திருந்தோம்.
போனை எடுத்துக்கொண்டு
சிக்னல் கிடைக்கிற கல்லுக்கு ஓடினேன்.