எட்டுத் தொட்டிச் சோளம்

புதுவயல் தாண்டி, செம்பூரான் மேட்டில்
என் பாலிஹவுஸ்.
உள்ளே வெள்ளரி, இன்னும் முழங்கால் உயரம்.
ஒரு பூச்சிகூட வரவில்லை.
அதற்குள் காவலுக்கு ஆள் வைத்துவிட்டேன் என்று
மருந்துக்கடை சாத்தப்பனுக்கு ஒரே சிரிப்பு.
யாருமில்லாத வீட்டுக்கெல்லாம்
வாட்ச்மேன் வைக்கிற ஊர்தானே இது, என்றேன்.

ஆள் என்றால் குளவி. எள்ளளவு.
மதுரை பஸ்ஸில், டிரைவர் முதுகுக்குப் பின்னால்,
ஈரத்துணி சுற்றிய டப்பாவில் வந்தது.
கண்டக்டர் குலுக்கிப் பார்த்தார்:
"காலியால்ல இருக்கு?"

காவலுக்கு வந்தது பசியோடு நிற்கக்கூடாது.
கதவோரம் எட்டுத் தொட்டியில் சோளம் போட்டு
சோளத்தில் அசுவினி விட்டேன்.
நானே,
கண்மை தூரிகையால்.
அந்த அசுவினிக்கு வெள்ளரி வாயில் வைக்க ஆகாது.
குளவி அந்த பேதமெல்லாம் பார்க்காது.

அடைக்கலத்துக்கு எப்படிச் சொல்வது?
பூச்சி என்று கேட்டாலே
நசுக்க நீளும் விரல் அவளுடையது.
"தொட்டியில இருக்கறது முதல். குளவி வட்டி."
தோட்டையும் வளையலையும் பாங்கில் வைத்தவள்.
"அப்ப முதல்ல கை வைக்கக்கூடாது" என்றாள்.

மாசி நடுவில்
மூன்றாம் வரிசையில் ஒரு கொழுந்து சுருண்டது.
இலையைத் திருப்பினேன்.
அசுவினி.
வெள்ளரிக்கென்றே பிறந்த ஜாதி.

அன்றிரவு சாத்தப்பனுக்கு போன் போட்டேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன்.
ஒரு தெளிப்பு போதும், அசுவினி போய்விடும்,
கூடவே என் ஆட்களும்.

பன்னிரண்டு நாள்.
நடுவில் தவணை தேதி வந்துபோனது.
தினமும் அந்த இலைக்கு முன்னால் குந்தி
கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டேன்,
எள்ளளவு உயிரிடம்.

பதின்மூன்றாம் காலை
அடைக்கலம்தான் கூப்பிட்டாள்.
இலைக்கடியில் அசுவினி எல்லாம் உப்பி,
வறுத்த ரவை நிறத்தில்,
அசைவில்லாமல்.
ஒன்றின் முதுகில் மட்டும் வட்டமாக ஓட்டை,
மூடியைத் தள்ளிக்கொண்டு
யாரோ வெளியே போனதுபோல.

தள்ளி நாலைந்து இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன.
பழக்கத்தில் அவள் விரல் நீண்டது.
கொஞ்சநேரம் அப்படியே நின்றது.
பிறகு மடக்கிக்கொண்டு
சோளத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.